பயிர்க்கடன்: காசு எந்த வாசலுக்குப் போகுது?

பாகூர் ஏரிக்கு பங்காரு வாய்க்கால்ல தண்ணி வந்துட்டா சம்பா வேலை தொடங்கிடும். உழவு, நாத்து, நடவு, களை எல்லாம் அறுப்புக்கு மூணு நாலு மாசம் முன்னாடியே பணம் கேட்கும். இந்த இடைவெளியை அடைக்கத்தான் பயிர்க்கடன். நேரத்துக்குக் கிடைச்சா நடவாளுக்கு வேலை உண்டு. கிடைக்கலைன்னா நிலம் தரிசு, இல்லாட்டி கந்துவட்டி.

இது பழைய பாடம்தான். சென்னை மாகாண அதிகாரி பிரெடரிக் நிக்கல்சன், ஜெர்மனியின் கிராமக் கடன் சங்கங்களைப் படித்து 1895-ல் அறிக்கை தந்தார். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு திருவள்ளூர் பக்கம் திரூரில் ஒரு சங்கம் தொடங்கியது. உழவர் கடன் அட்டை வந்தது 1998-ல்.

வட்டிக் கணக்கு

ஏக்கருக்கு, பயிருக்கு இவ்வளவு என்று ஒரு கடன் அளவைத் தொழில்நுட்பக் குழு நிர்ணயிக்கும். அதோடு வீட்டுச் செலவு, அறுப்புக்குப் பிந்தைய செலவுக்கு 10 சதவீதமும், பண்ணைப் பராமரிப்புக்கு 20 சதவீதமும் சேரும். காப்பீட்டுத் தொகை தனி.

ஏக்கருக்கு 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2 ஏக்கருக்கு 60,000. கூடுதல் 18,000 சேர்த்தால் 78,000.

இதற்கு ஓராண்டு வட்டி 7 சதவீதத்தில் 5,460 ரூபாய். தவணை தவறாமல் கட்டினால் 3 சதவீதம் குறைந்து 3,120 ரூபாய்தான். இதே பணத்தை வெளியில் மாசம் நூத்துக்கு 3 ரூபாய் வட்டிக்கு வாங்கினால் 28,080 ரூபாய்! வித்தியாசம் 24,960. வில்லியனூர்லயோ பாகூர்லயோ களை எடுக்கிற பெண்களுக்குக் கூலியாகப் போயிருக்க வேண்டிய காசு இது.

வேலை எங்கே பிறக்குது?

கடன் கொடுத்தாலே ஊர் வளர்ந்துடாது. உரக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் போற காசு அன்னிக்கே ஊரைவிட்டு வெளியேறிடும். சணப்பு, தக்கைப்பூண்டு விதைக்கும், நாட்டு மாட்டுச் சாணத்துக்கும், ஜீவாமிர்தம் கலக்குற ஆளுக்கும், கோனோவீடர் ஓட்டுறவருக்கும் போற காசு ஊருக்குள்ளேயே சுத்தும். இயற்கை வேளாண்மையில் இடுபொருள் செலவு குறையுது, ஆள் செலவு கூடுது. அதனால நம்ம கடன் பெரும்பாலும் கூலிக்கடன்தான்.

நாம செய்ய வேண்டியது

1. கடைக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவுன்னு பருவம்தோறும் தனித்தனியா எழுதி வையுங்க. கடன் அளவு நிர்ணயிக்கும்போது இயற்கைச் சாகுபடிச் செலவையும் கணக்கில் எடுக்கச் சொல்ல இதுதான் ஆதாரம்.

2. மாப்பிள்ளைச் சம்பா மாதிரி 150 நாளைத் தாண்டும் ரகம் என்றால், அறுத்து விற்கிற நாளைக் கணக்கிட்டு, தவணைத் தேதியை வங்கியில் முன்கூட்டியே பேசுங்க.

3. அறுத்ததும் அடிமாட்டு விலைக்கு விற்காதீங்க. கடன் அட்டை உள்ள சிறு, குறு உழவர்கள் அங்கீகாரம் பெற்ற கிடங்கு ரசீதின் மேல் 6 மாதம் வரை சலுகை வட்டியில் கடன் பெறலாம்.

4. குத்தகைதாரர்களுக்குப் பத்திரம் இல்லாததே பெரிய தடை. 4 முதல் 10 பேர் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழுவாக வங்கியை அணுகலாம். ஒருத்தர் தவறினா மத்தவங்க தாங்கணும். ஆளை அறிஞ்சு சேருங்க.

2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கடன் உண்டு. அதுக்காக முழுசையும் வாங்கணும்னு இல்லை. எந்த ரூபாய் எந்த வேலைக்குன்னு சொல்ல முடிகிற அளவுக்கு வாங்குங்க, போதும்.