இரண்டு அரசுகள், ஒரே குடியுரிமை

மும்பையில் வாழும் தமிழ்ச் சிறுவர்களிடம் சொந்த ஊர் எதுவென வினவினால், பலர் தாம் பிறவாத ஓர் ஊரின் பெயரைக் கூறுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே திருநெல்வேலிப் பகுதியினர் தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவியில் குடியேறினர். அலுவலகப் பணி நாடி வந்தோர் மாட்டுங்காவில் தங்கினர். பின்னர்ச் செம்பூரிலும் பரவினர். ஒரு மாநிலத்தார் மற்றொரு மாநிலத்தில் குடியேற எவருடைய இசைவையேனும் பெற வேண்டுமா? இவ்வினாவுக்கு விடை காணக் கூட்டாட்சி என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

நாடு முழுமைக்கும் ஓர் அரசு, மாநிலந்தோறும் ஓர் அரசு என அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறையே கூட்டாட்சி. 1787ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பு இதற்கு முன்னோடியாகும். அங்கு ஒருவர் நாட்டின் குடிமகனாக இருப்பதுடன், தாம் வாழும் மாநிலத்தின் குடிமகனாகவும் இருக்கிறார். இதனை இரட்டைக் குடியுரிமை என்பர்.

அங்கும் குடிபெயர்வோர் இடர்ப்பட்டதுண்டு. 1930களில் வறட்சியாலும் புழுதிப் புயலாலும் வாழ்விழந்த உழவர்கள் ஓக்லஹோமா, டெக்சாஸ் முதலிய மாநிலங்களிலிருந்து கலிபோர்னியாவுக்குத் திரள்திரளாகச் சென்றனர். வறியவர் எனத் தெரிந்தே ஒருவரை வெளியிலிருந்து அழைத்து வருவது கலிபோர்னியாவில் குற்றமாக இருந்தது. அம்மாநிலத்தில் வாழ்ந்த எட்வர்ட்ஸ் என்பவர், டெக்சாசில் வேலையின்றி இருந்த தம் மைத்துனரை மகிழுந்தில் அழைத்து வந்தார். உறவினரை ஊரிலிருந்து அழைத்து வருவது தாராவிக் குடும்பங்களுக்குப் புதிதன்று! எட்வர்ட்சுக்கோ அதற்காக ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது நிறுத்தி வைக்கப்பட்டது. 1941இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நாட்டுக்குள் தடையின்றிச் சென்று வாழ்வது குடியுரிமையின் ஒரு பகுதியே என நீதிபதிகளுள் சிலர் எழுதினர்.

அமெரிக்க முறையை நன்கறிந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1913 முதல் 1916 வரை நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்ற அவர், பிற்காலத்தில் வாழ்ந்த ராஜகிருகம் என்னும் இல்லம் மாட்டுங்காவை அடுத்த தாதர் இந்து காலனியில் இன்றும் உள்ளது. 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியலமைப்பு வரைவை அவையில் முன்வைத்துப் பேசியபோது, இரு நாடுகளுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் விளக்கினார். அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் தம் குடிமக்களுக்கு மட்டும் தனிச்சலுகை வழங்கலாம். இந்தியாவிலோ அரசுகள் இருவகையாயினும் குடியுரிமை ஒன்றே.

இந்நாட்டின் எப்பகுதிக்கும் செல்லவும், எப்பகுதியிலும் குடியிருக்கவும் அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு உரிமை தருகிறது. பிறந்த இடத்தைக் காரணங்காட்டி அரசு வேறுபாடு பாராட்டலாகாது என்பது 15ஆம் பிரிவு. தம் மொழியைப் பேணிக்கொள்ளும் உரிமையை 29ஆம் பிரிவு அளிக்கிறது. இவை ஏட்டளவில் நின்றுவிட்டவை அல்ல. 1960களின் பிற்பகுதியில், வேலைகளைத் தென்னிந்தியர் கைக்கொண்டனர் என்ற குரல் மும்பையில் எழுந்தது. உள்ளூர் இளைஞர் பலர் வேலையின்றி வருந்தியதும் உண்மையே. தென்னிந்திய உணவகங்கள் சில தாக்கப்பட்டன. அத்தாக்குதலைச் சட்ட ஏடு தடுத்துவிடவில்லை. ஆயினும், பிறந்த இடத்தைக் காரணங்காட்டி ஊரைவிட்டு வெளியேறுக என ஆணையிடும் அதிகாரம் எந்த அரசுக்கும் இல்லை.

வாக்குரிமையிலும் இதே நெறியைக் காணலாம். 18 வயது நிரம்பியவர் தாம் வழக்கமாக வசிக்கும் தொகுதியில் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளலாம். தாத்தாவின் ஊரில் வீடு இருப்பது மட்டும் அங்கே வாக்களிக்கப் போதாது. இரண்டு தொகுதிகளில் பெயர் இருத்தலும் கூடாது. ஆகவே, தாராவியில் வசிக்கும் தமிழர் மராட்டிய மாநிலச் சட்டமன்றத்துக்கே உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார். குடிநீரும் சாலையும் குறித்து அவர் கேள்வி கேட்க வேண்டியதும் இங்குள்ளோரிடமே.

எனினும், எல்லா உரிமைகளும் நம்முடன் தொடர்வண்டியில் ஏறி வருவதில்லை. பட்டியல் சாதிகளின் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியே வகுக்கப்பட்டுள்ளது. ஒரு மாநிலத்தில் பட்டியலில் உள்ளவர், குடிபெயர்ந்த காரணத்தால் மட்டும் மற்றொரு மாநிலத்தில் அச்சலுகையைப் பெற இயலாது என 1990இல் நம் உச்ச நீதிமன்றம் கூறியது. மும்பை மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடம் கேட்ட மாணவர் ஒருவரின் வழக்கு அது. தாராவியில் இதனால் மேற்படிப்புச் சலுகையை இழந்த குடும்பங்களுக்கு, ஒரே குடியுரிமை என்னும் சொல் இன்னும் முழுப்பொருள் தரவில்லை.

பயிற்சி

1. இரட்டைக் குடியுரிமைக்கும் ஒரே குடியுரிமைக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
2. எட்வர்ட்ஸ் செய்த செயல் யாது? கலிபோர்னியா அதனை ஏன் குற்றமாகக் கருதியது?
3. உங்கள் குடும்பத்தில் முதன்முதலில் மும்பைக்கு வந்தவர் யார்? அவரை அழைத்து வந்தவர் யார்? பெரியவர்களிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.