அறிகுறியை வைத்துக் கும்பலைத் தேடலாமா?

நம்பிக்கை: சிறுவயதில் சாத்தான் வழிபாட்டுக் கும்பலின் சடங்குகளில் வதைபட்டவர்களை, வளர்ந்த பிறகும் அறிகுறிகளை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

உண்மை: முடியாது. ஒரு மனநல மருத்துவரும் அவரிடம் சிகிச்சை பெற்ற பெண்ணும் சேர்ந்து எழுதிய ‘மிஷெல் ரிமெம்பர்ஸ்’ என்ற நூல் 1980-இல் வெளிவந்தபின், வட அமெரிக்காவில் இத்தகைய கும்பல்கள் பற்றிய பீதி வேகமாகப் பரவியது. 1991-இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர், இப்படி வதைபட்டதாகச் சொன்ன 37 நோயாளிகளிடம் கண்ட அறிகுறிகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். விசித்திரமான அச்சங்கள், நான் மட்டும் பிழைத்துவிட்டேனே என்ற குற்றவுணர்வு, தன்னுடம்பைத் தானே காயப்படுத்திக்கொள்வது, போதைப் பழக்கம், தன்னிலை மறந்து வேறொருவராகவே மாறிவிடுவது. இந்த வேதனையில் துளியும் நடிப்பில்லை. ஆனால் இவற்றில் பலவும் வீட்டுக்குள் நடந்த பாலியல் கொடுமைக்குப் பின்னும், ஆண்டுக்கணக்கில் வாங்கிய அடி உதைக்குப் பின்னும் வருபவை. காய்ச்சலை வைத்து மட்டும் இன்ன கிருமி என்று சொல்ல முடியுமா?

நம்பிக்கை: மறந்துபோனதை ஹிப்னாடிசம் அப்படியே மீட்டுத் தரும்.

உண்மை: நடக்காததையும் அது நினைவாக நட்டுவிடக்கூடும். ஹிப்னாடிசமே இல்லாமல்கூட இது நடக்கும். சிறுவயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக ஒரு கற்பனைச் சம்பவத்தை உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் குழுவினர் 24 பேரிடம் சொன்னபோது, ஏறக்குறைய கால்வாசிப் பேர் அதை முழுமையாகவோ அரைகுறையாகவோ ‘நினைவுகூர்ந்தார்கள்’. 1995-இல் வெளியான ஆய்வு இது. மேலே சொன்ன 37 பேர் ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான பென்னட் பிரான், சிகாகோவில் ஒரு பெண்ணுக்குச் சிகிச்சை அளித்தார். தான் மனித மாமிசம் தின்ற கும்பலின் தலைவி என்றே அந்தப் பெண் நம்பத் தொடங்கினார். அவருடைய இரண்டு சிறு பிள்ளைகளையும் மனநலப் பிரிவில் அடைத்து வைத்தார்கள். அந்தக் குடும்பம் தொடுத்த வழக்கு, 1997-இல் 1.06 கோடி டாலர் இழப்பீட்டில் முடிந்தது. பிள்ளைகள் இழந்த காலத்தை எந்தத் தொகை ஈடுகட்டும்?

நம்பிக்கை: அப்படியானால் புகார்கள் எல்லாம் கட்டுக்கதை.

உண்மை: இதுவும் அதே அளவு ஆபத்தான எண்ணம். பிரிட்டிஷ் அரசுக்காக மானிடவியலாளர் ஜீன் லா ஃபான்டெய்ன் இத்தகைய 84 புகார்களை ஆராய்ந்து 1994-இல் அறிக்கை தந்தார். சாத்தான் வழிபாட்டுக்கு ஒன்றில்கூட ஆதாரமில்லை. மூன்றில் மட்டும் ஏதோ ஒருவகைச் சடங்கு நடந்ததற்கான தடயம் இருந்தது. அங்கும் பாலியல் கொடுமையே முதன்மை, சடங்கு அதற்குப் போர்வை.

எனவே நல்ல ஆலோசகர் “கறுப்பு அங்கி போட்டவர்கள் வந்தார்களா?” என்று எடுத்துக்கொடுக்க மாட்டார். தற்கொலை எண்ணம் உண்டா, தூக்கம் வருகிறதா, இன்று வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறாரா என்பதை முதலில் கேட்பார். பழைய கதையை வந்தவர் தன் வேகத்தில், தன் சொற்களில் சொல்லட்டும் என்று விட்டுவிடுவார்.