சீனியில் ஒரு பனைமரம்
(வீட்டுத் தொழில் பாடம்: கேக் அலங்காரம்)



பிறந்த நாள், பெரிய மனுஷியான விசேஷம், கல்யாணம் என்று எதுவானாலும் இப்போது லயத்திலும் கேக் வெட்டுகிறோம். அதற்காகக் கடன் வாங்குகிற வீடுகளும் உண்டு. கேக்கை விட அதன் மேல் இருக்கும் அலங்காரத்துக்குத்தான் காசு கூடப் போகிறது. அந்த அலங்காரத்தை நாமே செய்யப் பழகினால் கடனும் குறையும், நாலு வீட்டுக்குச் செய்து கொடுத்து வருமானமும் பார்க்கலாம்.

யாழ்ப்பாணத்தில் ஐசிங் வேலையை வீட்டில் இருந்தபடியே தொழிலாகச் செய்யும் பெண்கள் பலர். கல்யாண வீட்டு மேடையில் நிற்கும் மாடிக் கேக்கில் பெரும்பாலும் உள்ளே இருப்பது றெஜிபோம். மேலே மூடியிருப்பதுதான் சீனி. விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் துண்டுகள் வேறாகப் பெட்டியில் வரும். ஆகவே அங்கே மதிப்பு கைவேலைக்குத்தான். இந்தப் பாடத்துக்கு அந்த மண்ணின் அடையாளமான பனையையே எடுத்துக்கொள்வோம்.

தேவையான சாமான்

ஐசிங் சீனி 500 கிராம், ஜெலற்றின் 2 மட்டத் தேக்கரண்டி, தண்ணீர் 2 மேசைக்கரண்டி, குளுக்கோஸ் பாகு 4 மேசைக்கரண்டி, கிளிசரின் 2 தேக்கரண்டி, மாஜரின் 1 மேசைக்கரண்டி, சி.எம்.சி. தூள், கொக்கோ தூள், சாப்பாட்டு நிறம், தூவுவதற்குச் சோளமா.

ஜெலற்றின் மாட்டின் அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. சைவ வீட்டுக்கும், மாடு அல்லது பன்றி சாப்பிடாத வீட்டுக்கும் செய்யும்போது கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களுக்கு ஜெலற்றினை விட்டுவிட்டு 2 தேக்கரண்டி சி.எம்.சி. சேர்க்கலாம். அது செடி கொடியின் நாரிலிருந்து வருவது. கேட்காமல் செய்து கொடுத்தால் ஒரு நாளில் நம் பெயர் கெட்டுவிடும்.

பிசையும் முறை

1. ஜெலற்றினைத் தண்ணீரில் தூவி 5 நிமிடம் ஊற விடுங்கள். கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் வைத்துக் கரையுங்கள். கொதிக்க விடக் கூடாது. கொதித்தால் பிடிப்புப் போய்விடும்.
2. அதிலேயே குளுக்கோஸ், கிளிசரின், மாஜரின் சேர்த்து உருக்குங்கள்.
3. சீனியை அரித்து நடுவில் குழி செய்து ஊற்றி, ரொட்டி மா போல் பிசையுங்கள். ஒட்டினால் சீனி, வெடித்தால் ஒரு துளி மாஜரின்.
4. பொலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி ஓர் இரவு வையுங்கள்.
5. அடுத்த நாள், உருவம் செய்ய எடுக்கும் 250 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி சி.எம்.சி. சேர்த்துப் பிசையுங்கள். அப்போதுதான் இலை விறைத்து நிற்கும். ஜெலற்றின் போடாமல் செய்தவர்கள் முன்பே சி.எம்.சி. சேர்த்திருப்பதால், இப்போது அரைத் தேக்கரண்டி போதும்.

பனை செய்வோம்

மரம்: கொக்கோ தூள் கலந்து, அடி பெருத்து நுனி சிறுத்த 15 சென்ரிமீற்றர் நீளத்துக்கு உருட்டுங்கள். மட்டை விழுந்த தழும்பு போல் கத்தியின் பின்பக்கத்தால் கோடு போடுங்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் மரத்தை நிறுத்தப் பார்க்க வேண்டாம். கேக்கின் மேல் படுக்க வைத்தாலே அழகு.

ஓலை: தென்னை ஓலை மாதிரி நீளமாக வெட்டிவிடாதீர்கள். பனையோலை விசிறி. பச்சைப் பசையை மெல்லியதாகத் தேய்த்து, சிறிய கிளாஸ் வாயால் வட்டம் வெட்டி, அடியில் கொஞ்சம் நறுக்குங்கள். ஓரத்திலிருந்து பாதி தூரத்துக்குக் கீறி, மடிப்பு மடிப்பாகக் கிள்ளி, கரண்டியின் முதுகில் காய விடுங்கள். எட்டு ஓலை போதும்.

காய்: கடலை அளவு ஆறு உருண்டை. கறுப்பு நிறத்தை அள்ளிப் போட்டால் கசக்கும், பசையும் இளகும். முதலில் கொக்கோ, பிறகு கொஞ்சம் கறுப்பு. ஒரு காயை வெட்டினாற்போல் வைத்து மூன்று கண் குத்தினால் நுங்கு.

குட்டான்: நாம் கருப்பட்டி என்பதை அங்கே பனங்கட்டி என்பார்கள். அது பனையோலைக் குட்டானில் வரும். அதைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடிப்பது அந்த ஊர்ப் பழக்கம். போத்தல் மூடியின் மேல் சோளமா தடவி, மெல்லிய பட்டிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னினால் குட்டான் தயார். தேயிலைக் கொழுந்தும் பறிக்கும் கூடையும் இதே கைவேலைதான். அதை நாம் பார்க்காமலே செய்துவிடுவோம்!

ஒட்டுவதற்குத் தூரிகையில் துளித் தண்ணீர் போதும். கூடினால் சீனி கரையும்.

நம்ம ஊர் ஈரம்

சீனி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மலையில் மூடுபனியும் மழையும் அதிகம். ஆகவே விசேஷத்துக்கு நாலு நாள் முன்பே தொடங்குங்கள். காய்ந்த உருவத்தைக் காட்போர்ட் பெட்டியில் வையுங்கள். குளிர்ப்பெட்டியில் வைத்தால் வெளியே எடுத்ததும் வியர்த்து ஒட்டும். அடுப்புக்கு மேலே வைத்தால் புகை மணம் பிடிக்கும். அடித்த கிரீம் மேல் வைத்தால் கரையும். பட்டர் ஐசிங் நல்லது.

கவனம்

துணிச் சாயம், குங்குமம், கைவேலைக்கு விற்கும் மினுக்கம் எதுவும் கேக்கில் படக் கூடாது. பார்க்கத்தான் அழகு, வயிற்றுக்குள் போகிற பொருளல்ல. நிறப் போத்தலில் சாப்பாட்டுக்குரியது என்று எழுதியிருக்கிறதா, திகதி முடிந்ததா என்று பாருங்கள். உள்ளே ஈர்க்கோ கம்பியோ வைத்தால் வெட்டுமுன் எடுத்துவிட்டு, பிள்ளைகளின் தாய்க்கும் சொல்லுங்கள்.

கணக்கு

2022ஆம் ஆண்டு நெருக்கடியில் சாமான் விலை ஏறியது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆகவே பழைய விலையை நம்பிப் பேச வேண்டாம். சாமான், விறகு அல்லது காஸ், பெட்டி, பஸ் காசு எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுங்கள். அதோடு உங்கள் நேரத்துக்கும் ஒரு தொகை போடுங்கள். மலையில் நின்று பறித்த கொழுந்துக்கு நிறுவை பார்க்கிறோம். இரவு விழித்துச் செய்த வேலையைச் சும்மா கொடுக்கலாமா? பாதிப் பணம் முன்பணமாக வாங்கிக்கொண்டே சாமான் வாங்குங்கள்.

முதல் உருவம் கோணலாக வரும். அதைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், சந்தோஷமாகத் தின்பார்கள். மூன்றாவதில் கை படியும். நாலைந்து பேர் சேர்ந்து சாமான் வாங்கினால் செலவும் பிரியும். செய்து பார்த்து, வந்ததையும் வராததையும் எங்களுக்கு எழுதுங்கள்.