முதல் பைனாகுலர்: பறவை பார்க்க 8 மடங்கு போதும்

பைனாகுலரில் பொறித்திருக்கும் 8×42 என்பதில் 8 என்பது பெருக்கம். 42 முன்புற லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் தெரியும்: 5.25 மி.மீ. சட்டைப்பையில் அடங்கும் 10×25-இல் அது 2.5 மட்டுமே. முக்கொம்பில் விடியும் முன் மீன்கொத்தியின் நீலம்கூட அதில் கறுப்பாகத்தான் தெரியும்.

பெருக்கம் கூடினால் கைநடுக்கமும் கூடும், பார்வைப் பரப்பும் சுருங்கும். தில்லை நகர் வீட்டு முருங்கையில் தாவும் தேன்சிட்டைத் தொடர 8 மடங்குதான் வசதி. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரியில் தொலைவில் மிதக்கும் வரித்தலை வாத்துகளுக்கு 10 உதவும். ஆனால் முதல் கருவியாக அதை வாங்க அவசரப்பட வேண்டாம். மலிவான ஜூம் வகை வேண்டவே வேண்டாம்.

மூக்குக்கண்ணாடி அணிபவர்கள், கண்ணுக்கும் லென்ஸுக்கும் 15 மி.மீ. இடைவெளியாவது தரும் கருவியைக் கேட்டு வாங்க வேண்டும்.

சோதனையைக் கடைக்குள் முடிக்காமல் வாசலுக்கு வந்து எதிர்க்கடைப் பெயர்ப்பலகையைப் பார்ப்பது நல்லது. வலக்கண்ணை மூடி நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்கும், பிறகு வலப்பக்க வளையத்தால் வலக்கண்ணுக்கும் தெளிவு வைக்க வேண்டும். அதன் பின்னும் எழுத்து இரட்டையாகத் தெரிந்தால் உள்ளே பட்டகம் நகர்ந்திருக்கிறது, வேறொன்றை எடுக்கலாம்.

ஐப்பசி ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை படியும். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது பாதுகாப்பு.