கழுத்தில் ஒரு பட்டாம்பூச்சி

நம் கழுத்தின் முன்பக்கத்தில், குரல்வளைக்குக் கீழே, ஒரு சிறிய சுரப்பி இருக்கிறது. அதன் பெயர் தைராய்டு. இறக்கை விரித்த பட்டாம்பூச்சி போல இருக்கும். எடை சுமார் 20 கிராம்தான். ஆனால் அது செய்யும் வேலை பெரியது.

தைராய்டு சுரப்பி தைராக்சின் என்னும் நீரைச் சுரக்கிறது. அது இரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போகிறது. உடம்புக்கு அது அடுப்புத் தீ மாதிரி. தீ அளவாக எரிந்தால் சோறு பதமாக வேகும். குறைந்தால் வேகாது. கூடினால் கருகிவிடும்.

தீ குறைந்தால்

உடம்பு சோர்ந்து போகும். எடை கூடும். குளிர் தாங்காது. தோல் வறண்டு போகும். முடி கொட்டும். மலம் கட்டும். பெண்களுக்கு மாதவிலக்கு முறை தவறும். பிறந்த குழந்தைக்கு இந்தக் குறை இருந்தால் மூளை வளராது. காது கேளாமலும் போகலாம். பிறந்த சில வாரங்களுக்குள் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் குழந்தை நன்றாக வளரும்.

தீ கூடினால்

நெஞ்சு படபடக்கும். கை நடுங்கும். வியர்வை கொட்டும். நன்றாகச் சாப்பிட்டாலும் உடம்பு இளைக்கும். சிலருக்குக் கண்கள் பிதுங்கும்.

கடல் நடுவே அயோடின் குறைவா?

தைராக்சின் சுரக்க அயோடின் என்னும் சத்து வேண்டும். பெரியவர்களுக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் போதும். வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்தால் ஒரு தேக்கரண்டி அளவுதான். ஆனால் அது தினமும் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் சுரப்பி வீங்கும். அதுதான் முன்கழுத்துக் கழலை.

அந்தமான் தீவில் ஒரு கிராமம். மகளிர் குழுக் கூட்டத்தில் ஒரு பாட்டி கேட்டார்:

"நர்சம்மா, நம்மைச் சுற்றிக் கடல்தானே இருக்கு? கடல் உப்பில் அயோடின் இருக்காதா? பாக்கெட் உப்பு எதுக்கு?"

"நல்ல கேள்வி பாட்டி. கடல் நீரில் அயோடின் மிகக் கொஞ்சம். உப்பு விளையும்போது அதுவும் பெரும்பாலும் தங்குவதில்லை. கடல் மீனில் உண்டு. ஆனால் எல்லோரும் தினமும் மீன் சாப்பிடுவதில்லையே."

"காய்கறியில்?"

"மண்ணில் இருந்தால்தான் காய்கறியில் வரும். நம் தீவுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அவ்வளவு மழை மண்ணில் உள்ள அயோடினைக் கழுவிக் கடலுக்குக் கொண்டு போய்விடும். அதனால்தான் உப்பில் கலந்து தருகிறார்கள்."

இதற்குச் சான்றும் உண்டு. 1956-இல் இமாசலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. இராமலிங்கசுவாமி குழுவினர் ஓர் ஆய்வு தொடங்கினர். சில பகுதி மக்களுக்கு அயோடின் உப்பு. ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பு. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு உண்டவர்களிடம் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. 2006 மே 17 முதல் நாடு முழுவதும், உணவுக்கு அயோடின் இல்லாத உப்பை விற்பது தடை செய்யப்பட்டது.

அயோடின் உப்பை மூடிய டப்பாவில் வையுங்கள். ஈரமும் வெயிலும் படக் கூடாது. சமையல் முடியும் நேரத்தில் உப்புப் போடுவது நல்லது.

மாத்திரை வந்த கதை

1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், தைராய்டு குறைந்த ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். அந்தப் பெண் தேறினார். மருந்தை விடாமல் எடுத்து, 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1914-இல் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் தைராக்சினைத் தனியே பிரித்தார். இன்று அது தொழிற்சாலையில் செய்யப்படுகிறது. அதுதான் லெவோதைராக்சின் மாத்திரை.

எல்லாத் தைராய்டு குறையும் அயோடின் உப்பால் தீராது. பலருக்குச் சுரப்பியே பழுதாகிவிடும். அவர்களுக்கு மாத்திரைதான் வழி.

"நிறுத்திவிட்டேன் நர்சம்மா"

கூட்டம் முடிந்ததும் அந்தப் பாட்டியின் மருமகள் தயங்கித் தயங்கி வந்தாள். அவளுக்கு மூன்றாம் மாதம்.

"தைராய்டு மாத்திரையை நிறுத்திவிட்டேன். கர்ப்பத்தில் மாத்திரை ஆகாதுன்னு அத்தை சொன்னாங்க."

"எத்தனை நாள் ஆச்சு?"

"பத்து நாள்."

"நிறுத்தவே கூடாதும்மா. முதல் மாதங்களில் குழந்தையின் தைராய்டு வேலை செய்யாது. உன் இரத்தத்தில் உள்ள தைராக்சின்தான் அதன் மூளையை வளர்க்கிறது. கர்ப்ப காலத்தில் மாத்திரை அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். இன்றே டாக்டரைப் பார்ப்போம். டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனையும் செய்வோம்."

பாட்டி பதறினார். "தெரியாம சொல்லிட்டேனே! நானும் வர்றேன், நர்சம்மா."

மூவரும் அன்றே மருத்துவமனைக்குப் புறப்பட்டார்கள்.

மாத்திரை எடுக்கும் முறை

1. காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு விழுங்குங்கள். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர், உணவு.
2. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை நான்கு மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள். கர்ப்பிணிகள் இதை மறக்கக் கூடாது.
3. உடம்பு தேறிவிட்டது என்று நிறுத்தாதீர்கள். அளவை நீங்களே மாற்றாதீர்கள். அளவு மாறினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி பரிசோதனை.
4. இளைப்பதற்காக இதைச் சாப்பிடாதீர்கள். இதயம் கெடும்.
5. தீவில் ஈரக்காற்று அதிகம். மாத்திரையை அட்டையிலிருந்து முன்கூட்டியே பிரிக்காதீர்கள்.
6. புயல் மழையில் கப்பல் தாமதமாகும். தீரும் முன்பே அடுத்த மாதத்துக்கு வாங்கி வையுங்கள்.

தைராய்டு கூடியவர்களுக்கு கார்பிமசோல் போன்ற மாத்திரை தருவார்கள். சிலருக்குக் கதிரியக்க அயோடின் அல்லது அறுவை சிகிச்சை. கார்பிமசோல் சாப்பிடும்போது காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால், மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவரிடம் போக வேண்டும். வெள்ளணுக்கள் குறைந்திருக்கலாம். அது உயிருக்கு ஆபத்து.

பேசிப் பார்ப்போம்

1. கடல் சூழ்ந்த தீவிலும் அயோடின் உப்பு ஏன் தேவை?
2. கர்ப்பிணி தைராய்டு மாத்திரையை நிறுத்தினால் யாருக்குக் கேடு?
3. உங்கள் வீட்டு உப்புப் பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது? படித்துச் சொல்லுங்கள்.