ஓடும்போதும் விடக்கூடாத குளிசை

உகண்டாவின் தென்மேற்கே, இசிங்கிரோ மாவட்டத்தில், நாக்கிவாலே என்றோர் அகதிக் குடியிருப்பு உண்டு. 1960ஆம் ஆண்டளவில் ருவாண்டாவிலிருந்து தப்பி வந்தவர்களுக்காக அமைந்தது. பின்னர் கொங்கோ, புருண்டி, சோமாலியா நாட்டவர்களும் வந்து சேர்ந்தனர். சுற்றிவர முள்வேலி இல்லை. வந்த குடும்பங்களுக்கு ஒரு துண்டுக் காணி கொடுக்கப்படுகிறது. அதில் சோளமும் அவரையும் மரவள்ளியும் பயிரிடுகிறார்கள். சொந்தக் காணியை விட்டுவந்து வேற்று மண்ணில் மண்வெட்டி பிடிப்பது எப்படியென்று எமது வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. அக்குடும்பங்களுள் எச்.ஐ.வி. கிருமியுடன் வாழ்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டிய மருத்துவம் பற்றியே இம்முறை படிப்போம்.

முதலில் ஒரு பழியை நீக்கிவிடுவோம். அகதிகள் வந்தால் நோயும் வந்துவிடும் என்று ஊரார் பேசுவதுண்டு. கொங்கோ, தென் சூடான், ருவாண்டா, உகண்டா, சியரா லியோன், சோமாலியா, புருண்டி ஆகிய ஏழு இடங்களின் தரவுகளைத் திரட்டிய ஓர் ஆய்வு 2007இல் வெளிவந்தது. அதில் பன்னிரண்டு அகதிமுகாம் தொகுதிகளைச் சுற்றியுள்ள ஊர்களுடன் ஒப்பிட்டார்கள். ஒன்பதில் அகதிகளிடமே தொற்றுக் குறைவு. இரண்டில் ஏறக்குறையச் சமம். ஒன்றில் மாத்திரமே அதிகம். பழி சுமத்துவோர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. ஒரே கிணற்றில் அள்ளுவதாலும், ஒரே கோப்பையில் தேநீர் குடிப்பதாலும், நுளம்புக் கடியாலும் இக்கிருமி தொற்றாது. பாதுகாப்பற்ற உடலுறவு, கிருமியுள்ள இரத்தம், பொதுவாகப் பாவித்த ஊசி, தாயிடமிருந்து பிள்ளைக்கு என்பனவே அதன் வழிகள். முகாமில் ஆபத்தைக் கூட்டுவது பெண்கள்மீதான வன்முறையும், உணவுக்காக உடலை விற்க வேண்டிய வறுமையுமே.

எச்.ஐ.வி. என்பது கிருமியின் பெயர். மருந்தில்லாமல் விட்டால் அது பல வருடங்களாக உடலின் எதிர்ப்புச் சக்தியை அரிக்கும். முடிவில் வரும் நிலைதான் எயிட்ஸ். கிருமியை முற்றாக ஒழிக்கும் குளிசை இன்றும் இல்லை. ஆனால் மூன்று மருந்துகள் சேர்ந்த ஒரே குளிசையை நாளுக்கு ஒன்றாக விழுங்கினால் கிருமி பெருகாமல் அடங்கிக் கிடக்கும். பரிசோதனையில் தென்படாத அளவுக்கு அது குறைந்து அப்படியே நிலைத்திருந்தால், உடலுறவினால் துணைக்குத் தொற்றாது. அந்த மனிதர் தோட்டம் கொத்தலாம், பிள்ளை வளர்க்கலாம், முதுமை காணலாம்.

எல்லாம் அந்த "நாளுக்கு ஒன்று" என்பதில்தான் இருக்கிறது. மிளகாய்த் தோட்டத்துக்கு அளவு குறைத்து மருந்தடித்தால் என்ன நடக்குமென்று நீங்கள் அறிவீர்கள். மெலிந்த பூச்சி சாகும். மருந்தைத் தாங்கக்கூடியது தப்பும். அடுத்த முறை தோட்டம் நிறைய அதன் குஞ்சுகளே. விட்டுவிட்டுக் குளிசை விழுங்கும் உடலிலும் இதுவே நடக்கிறது. இப்போதுள்ள குளிசை முந்தியவற்றைவிட இதைத் தாக்குப்பிடிக்கும். என்றாலும் வாரக்கணக்கில் நின்றால் கிருமி மீண்டும் பெருகும். ஆகவே அகதிக்கு ஆபத்து, வீட்டைவிட்டு ஓடும் அந்த நாளிலேயே தொடங்கிவிடுகிறது.

நாக்கிவாலே போன்ற குடியிருப்புகளில் மருந்து இலவசந்தான். இருந்தும் அது தவறிப்போகிறது. மருத்துவ நிலையத்துக்குப் பல மணி நேரம் நடக்க வேண்டியவர்கள் உண்டு. விதைப்பு நாளில் ஒரு பகலை இழக்க மனம் வராது. வரிசையில் நிற்பதை அயலவர் கண்டுவிடுவார்களோ என்ற பயம் வேறு. இவற்றோடு பசி. குளிசையை வெறுவயிற்றிலும் விழுங்கலாம். ஆனால் உடல் தேறும்போது பசி கிளம்பும். உலையில் வைக்க ஒன்றுமில்லாத வீட்டில் சிலர் குளிசையையே ஒதுக்கிவிடுகிறார்கள். 2023இல் உகண்டாவில் அகதிகளின் உணவுப் பங்கீடு வெட்டப்பட்டபோது அது மருந்தையும் பாதித்திருக்கும் என்பதை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. அரிசி மூடையையும் மருந்துப் போத்தலையும் வெவ்வேறு அலுவலகங்கள் பார்த்துக்கொள்வது எமக்கு ஒருபோதும் சரியாகப் படவில்லை.

சயரோகம் பற்றியும் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர்களைக் கொல்லும் நோய்களில் அதுவே முன்னிற்கிறது. நெருங்கிய கொட்டில்களில் அது இலகுவாகப் பரவும். சயரோக மருந்து ஒன்று எச்.ஐ.வி. குளிசையின் வலுவைக் குறைப்பதால், அதிலுள்ள ஒரு மருந்தை நாளுக்கு இருமுறை கொடுப்பார்கள். எனவே இரு நோய்க்கும் மருந்தெடுப்பவர் இரண்டு இடத்திலும் அதைச் சொல்லியாக வேண்டும்.

கர்ப்பிணிக்கு நேரத்தோடு பரிசோதனை செய்து மருந்து தொடங்கினால் பிள்ளைக்குத் தொற்றுவது மிக அரிதாகும். பிறந்த குழந்தைக்கும் சில வாரங்கள் மருந்து கொடுப்பார்கள். நல்ல தண்ணீர் கிடைக்காத குடியிருப்புகளில், மருந்தெடுக்கும் தாய் பால் கொடுப்பதே பிள்ளைக்குப் பாதுகாப்பு. அங்கே போத்தல் பாலில் வரும் வயிற்றோட்டமே கூடுதலான ஆபத்து. இலங்கையில் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவது ஒழிக்கப்பட்டுள்ளதென 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இரத்தப் பரிசோதனை செய்ததன் பயன் அது.

அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஸ்தானிகராலயம் 2007இல் வெளியிட்ட கொள்கைப்படி, அகதி என்பதற்காக இம்மருந்தை மறுக்கக் கூடாது. சுற்றியுள்ள மக்களுக்குக் கிடைப்பது அவர்களுக்கும் கிடைக்க வேண்டும். கட்டாயப் பரிசோதனையையும் அந்நிறுவனம் ஏற்பதில்லை. மலேசியாவின் கோலாலம்பூரில் அகதிகளையும் அந்நாட்டவரையும் ஒப்பிட்டபோது, சிகிச்சையின் பலன் இரு சாராரிடமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அகதிகள் ஒழுங்காக மருந்தெடுக்க மாட்டார்கள் என்ற வாதத்துக்கு இது போதும். பணந்தான் இன்று தடுமாறுகிறது: 2025இன் தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது ஆபிரிக்காவில் பல சிகிச்சை நிலையங்களின் வேலை தடைப்பட்டது.

நோயாளி கையோடு செய்யக்கூடியது ஒன்றுண்டு. உடல்நிலை சீராக உள்ளவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்குரிய குளிசையை ஒரேயடியாகக் கொடுக்கலாம். கலவரம் நெருங்கும் இடத்தில் அதைக் கேட்டுப் பெறுவது நல்லது. சிகிச்சை அட்டையை அடையாள அட்டையுடன் சேர்த்துப் பொலித்தீனில் சுற்றி வைக்க வேண்டும். அட்டை தொலைந்தால் மருந்தின் பெயரையாவது பாடமாக்கியிருக்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் வெறும் போத்தலையாவது எறியாமல் கொண்டுபோக வேண்டும். போய்ச்சேர்ந்த இடத்தில் முதற்கிழமையிலேயே தாதியிடம் தனியாகச் சொல்ல வேண்டும். எமது நாட்டில் இரத்தப் பரிசோதனையும் குளிசையும் அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இலவசம். விபரம் வெளியே போகாது.