பழைய டிரெய்லருக்கு மின்வசதி: பாட்டரியைக் காப்பதே முதல் பாடம்

எரு, நெல், கரும்பு, வைக்கோல் ஏற்றுவதற்கு மட்டுமே டிராக்டர் டிரெய்லர் என்று எண்ண வேண்டியதில்லை. இரவில் களத்தில் காவல் இருக்கவும், அறுவடை ஆட்களுக்கு வெளிச்சம் தரவும், புயலுக்குப் பின் செல்போன்களுக்கு சார்ஜ் ஏற்றவும் பழைய டிரெய்லர் ஒன்றே போதும். ஒரு பாட்டரி, இரண்டு விளக்கு, சில சாக்கெட் இருந்தால் இவை அனைத்தும் கைகூடும். ஆனால் இந்த வேலையை முறையாகச் செய்யாவிட்டால் காலையில் டிராக்டர் கிளம்பாது. அதைவிட மோசமாக, வைக்கோல் ஏற்றிய வண்டி தீப்பிடிக்கவும் நேரிடும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. பல கிராமங்கள் நாள் கணக்கில் இருளில் இருந்தன. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் புதுச்சேரிக்கு அருகிலேயே கரை கடந்தது. இத்தகைய நேரங்களில் வானிலைச் செய்தி கேட்கவும், பயிர்ச் சேதத்தைப் படம் எடுத்து வைக்கவும், உறவினரோடு பேசவும் செல்போன் தேவைப்படுகிறது. கையில் போன் இருந்தும் சார்ஜ் இல்லையென்றால் பயன் இல்லை.

படகிலிருந்து கற்கலாம்

புதுச்சேரி தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் விசைப்படகுகளுக்கும் நமது டிரெய்லருக்கும் தொல்லைகள் ஒன்றே. இரண்டிலும் குலுக்கல் உண்டு, ஈரம் உண்டு, உப்புக்காற்றும் உண்டு. நடுக்கடலில் பாட்டரி இறங்கிவிட்டால் என்ஜினைக் கிளப்ப வழியில்லை. ஆகவே என்ஜினைக் கிளப்பும் பாட்டரி வேறு, விளக்குக்கும் கருவிகளுக்கும் உள்ள பாட்டரி வேறு என்று பிரித்து வைப்பதே நல்ல படகின் முறை. விவசாயிகளும் இதையே பின்பற்ற வேண்டும். டிராக்டர் பாட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்து இரவு முழுவதும் விளக்கு எரிப்பது தவறு.

தேவையைக் கணக்கிடுக

பாட்டரி வாங்குமுன் கணக்குப் போடுவது அவசியம். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 9 வாட் எல்.இ.டி. விளக்கு 12 வோல்ட்டில் முக்கால் ஆம்பியர் எடுக்கும். இரண்டு விளக்கு 4 மணி நேரம் எரிந்தால் 6 ஆம்பியர்-மணி செலவாகும். 5000 மில்லி ஆம்பியர்-மணி என்று குறித்த செல்போன் ஒன்றை முழுமையாக ஏற்ற, இடையில் ஏற்படும் இழப்பையும் சேர்த்து, 12 வோல்ட் பாட்டரியிலிருந்து சுமார் 2 ஆம்பியர்-மணி போகும். போனின் பாட்டரி 4 வோல்ட்டுக்கும் குறைவானது என்பதால்தான் இந்த எண் சிறிதாகத் தெரிகிறது. ஐந்து போனுக்கு 10 ஆம்பியர்-மணி. ஆக மொத்தம் 16.

ஈய-அமில பாட்டரியில் எழுதியுள்ள அளவில் பாதியை மட்டுமே எடுக்க வேண்டும். முழுவதும் இறக்கினால் அதன் ஆயுள் விரைவில் குறையும். ஆகவே மேற்சொன்ன தேவைக்கு 40 ஏ.எச். பாட்டரி ஒன்று பொருத்தமாக இருக்கும். சிறிது நேரம் ஓய்வாக வைத்துவிட்டு மீட்டரில் பார்த்தால், முழு பாட்டரி சுமார் 12.7 வோல்ட் காட்டும். 12.2 வோல்ட்டுக்கு வந்தால் பாதி தீர்ந்தது என்று பொருள். அத்துடன் நிறுத்திக்கொள்ளல் நலம்.

பாட்டரியை வைக்கும் இடம்

டிப்பர் வகை டிரெய்லரில் தூக்கிச் சாயும் பெட்டிக்குள் பாட்டரியை ஒருபோதும் வைக்கக் கூடாது. பெட்டி சாயும்போது அமிலம் கொட்டும். முன்பக்கம், சாயாத அடிச்சட்டத்தின் மேல், இரும்புப் பெட்டி ஒன்று செய்து, அடியில் ரப்பர் விரித்து, பாட்டரியைப் பட்டையால் இறுகக் கட்ட வேண்டும். பெட்டியின் மேற்புறம் காற்றுத்துளை தேவை. ஏனெனில் சார்ஜ் ஏறும்போது தீப்பற்றும் வாயு வெளிவரும். பீடி, தீக்குச்சி அருகில் கூடாது.

ப்யூஸ் ஏன், எங்கே?

ப்யூஸ் போனைக் காப்பதற்காக என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் அது ஒயரைக் காப்பதற்கே. ஒயரின் தோல் உராய்ந்து இரும்புச் சட்டத்தில் பட்டால் பாட்டரி தன் முழு வலுவையும் அதில் செலுத்தும். சில வினாடிகளில் ஒயர் பழுத்துச் சிவக்கும். பக்கத்தில் வைக்கோல் இருந்தால் பிறகு சொல்ல வேண்டியதில்லை. எனவே பாட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ப்யூஸ் போட வேண்டும். ப்யூஸுக்கு முன்னால் உள்ள ஒயருக்குக் காவல் இல்லை என்பதால்தான் இந்த ஒரு சாண் கணக்கு. பிறகு விளக்குக்கு ஒன்று, சாக்கெட்டுக்கு ஒன்று எனத் தனித்தனியாக 5 ஆம்பியர் ப்யூஸ் வைக்கலாம். ப்யூஸ் போனால் காரணத்தைத் தேட வேண்டும். அதற்குப் பதில் கம்பியைச் சுற்றி வைப்பது வீட்டுக் கூரையில் கொள்ளி வைப்பதற்குச் சமம்.

ஒயரின் தடிமன்

12 வோல்ட் வேலையில் மெல்லிய ஒயர் பெரிய நஷ்டம். டிராக்டர் பாட்டரியிலிருந்து டிரெய்லரின் பின்புறம் வரை 8 மீட்டர் என்றால், போக வர 16 மீட்டர் ஒயர். 1 சதுர மி.மீ. செம்பு ஒயரில் 5 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே சுமார் 1.4 வோல்ட் போய்விடும். 12 வோல்ட்டில் இது பத்தில் ஒரு பங்குக்கும் மேல். விளக்கு மங்கும், சார்ஜ் மெதுவாக ஏறும். அதே தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. ஒயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டை ஒட்டியே நிற்கும். பாட்டரி டிரெய்லரிலேயே இருந்தால் தூரமும் பாதி, இழப்பும் பாதி.

மைனஸுக்கு வண்டியின் இரும்பையே நம்புவது பழைய வழக்கம். கொக்கியிலும் போல்ட்டிலும் துரு ஏறியதும் அது கைவிடும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறதா? மைனஸ் சரியில்லை என்பதற்கு அதுவே அடையாளம். பிளஸ்ஸுக்கு ஓர் ஒயர், மைனஸுக்கு ஓர் ஒயர் எனத் தனியாக இழுப்பதே நல்லது. எலி கடிக்காமல் இருக்க ஒயரைக் குழாய்க்குள் விட வேண்டும். சட்டத்தில் துளை போட்ட இடத்தில் ரப்பர் வளையம் அவசியம். டிரெய்லர் வளைந்து திரும்பும் இடத்திலும், டிப்பர் தூக்கும் இடத்திலும் ஒயரைச் சற்றுத் தளர்வாக விட வேண்டும்.

சாக்கெட் பொருத்துதல்

செல்போனுக்கு 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக மாற்றித் தரும் யு.எஸ்.பி. சாக்கெட் கடைகளில் கிடைக்கிறது. மூடி உள்ளதாகப் பார்த்து வாங்கி, பக்கப் பலகையின் உட்புறம், இடுப்பு உயரத்தில், வாய் கீழ்நோக்கி இருக்குமாறு பொருத்தினால் மழைநீர் இறங்காது. ஒரு சுவிட்சும் சேர்க்க வேண்டும். போன் செருகாவிட்டாலும் அந்தச் சாக்கெட் சிறிது மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும்.

வீட்டுச் சார்ஜர், மருந்து தெளிப்பானின் சார்ஜர் போன்றவற்றுக்கு 230 வோல்ட் தரும் சிறு இன்வெர்ட்டர் உண்டு. 12 வோல்ட் 8 ஏ.எச். தெளிப்பான் பாட்டரி ஒன்றை இப்படி ஏற்ற, டிரெய்லர் பாட்டரியிலிருந்து சுமார் 12 ஆம்பியர்-மணி போகும். 230 வோல்ட் உயிரைக் குடிக்கும் என்பதை மறக்கலாகாது. ஈரமான இரும்பு வண்டியில் அந்த ஒயரை நீட்டிப் பொருத்த வேண்டாம். உலர்ந்த இடத்தில் இன்வெர்ட்டரை வைத்து, வேலை முடிந்ததும் கழற்றி எடுத்துவிட வேண்டும்.

சார்ஜ் ஏற்றும் வழி

100 வாட் சூரியத் தகடு ஒன்று நல்ல வெயில் நாளில் சுமார் 25 ஆம்பியர்-மணி தரும். தகட்டுக்கும் பாட்டரிக்கும் இடையே 10 ஆம்பியர் கண்ட்ரோலர் வேண்டும். முதலில் பாட்டரியை இணைத்து, அதன்பின் தகட்டை இணைக்க வேண்டும். கழற்றும்போது தகட்டை முதலில் கழற்ற வேண்டும். புயலை ஒட்டிய மேகமூட்டமான நாட்களில் வரவு மிகவும் குறையும். ஆகவே எச்சரிக்கை வந்தவுடனேயே பாட்டரியை நிரப்பி வைக்க வேண்டும். டிராக்டரிலிருந்தும் ஏற்ற விரும்பினால், என்ஜின் ஓடும்போது மட்டும் இணையும் ரிலே அமைப்பை அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கொண்டு செய்துகொள்ளலாம். இரண்டு பாட்டரியையும் நிரந்தரமாகப் பிணைத்தால் இரண்டும் சேர்ந்தே இறங்கும்.

உப்புக்காற்றும் பராமரிப்பும்

தேங்காய்த்திட்டு, அரியாங்குப்பம் போன்ற கழிமுகப் பகுதிகளில் செம்பு விரைவில் பச்சைக் களிம்பு ஏறும். ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது இங்கே ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. ஈயம் பூசிய செம்பு ஒயர் கிடைத்தால் விலை சற்றுக் கூடினாலும் வாங்கலாம். முனைகளுக்கு லக் வைத்து அழுத்தி, சுருங்கும் ரப்பர் உறை போட வேண்டும். பாட்டரி முனைகளை இறுக்கியபின் வாஸ்லின் தடவலாம். மாதம் ஒரு முறை முனைகளைப் பார்த்து, தண்ணீர் ஊற்றும் வகை பாட்டரியானால் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே சேர்க்க வேண்டும். டிரெய்லரில் வெல்டிங் செய்யுமுன் பாட்டரியின் மைனஸைக் கழற்றிவிடவும்.

வேலை முடிந்ததும் எல்லா விளக்கையும் எரியவிட்டு, எல்லாப் போன்களையும் செருகி, கால் மணி நேரம் கழித்து ஒயரையும் இணைப்புகளையும் தொட்டுப் பார்க்க வேண்டும். எங்காவது சூடு தெரிந்தால் அந்த இணைப்பு தளர்ந்துள்ளது. அதைச் சரிசெய்யாமல் வண்டியில் வைக்கோல் ஏற்றலாகாது.

புயல் மாதங்கள் ஐப்பசியும் கார்த்திகையும். அதற்கு முன், ஆவணியிலேயே இந்த வேலையை முடித்துக்கொள்ளும் விவசாயியின் வீட்டில், மின்கம்பம் சாய்ந்த இரவிலும் விளக்கு எரியும். அவர் டிராக்டர் மறுநாள் காலையில் கிளம்பும்.